அம்பு வராத வட்டம்

ஜூலை 3
பள்ளி ஆய்வகம்

மாமா,

இனிமேல் போனில் பேசக் கூடாது என்று அக்கா தடை போட்டுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசினா எனக்குத்தான் தலைவலி. மெயில்ல எழுதிக்குங்க. ஒருத்தர் முடிக்கிற வரைக்குமாவது இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க" என்றாள். அதனால் இந்தக் கடிதம். நலம் விசாரிப்பதெல்லாம் எனக்கு வராது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். விடுதிச் சாப்பாடு, குளிர்சாதன அறை, தினம் ஒரு கூட்டம்.

நான் கருவிகள் படித்தவன். அழுத்தம், வெப்பம், ஓட்டம் இதையெல்லாம் அளக்கிற கருவிகள். தொழிற்சாலையை மூடினார்கள், உங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளன் ஆனேன். ஓடாத மீட்டரை ஓட வைக்கத்தான் எனக்குச் சம்பளம். பாடநூல் எழுதக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். கிளம்பும்போது ஹெச்.எம். காதில் "என் மச்சான் பார்த்துக்குவான் மேடம்" என்று ஒரு வார்த்தை போட்டீர்கள். அதன் பலனாக நான் இப்போது பதினோராம் வகுப்புக்குச் சமூகவியல் நடத்துகிறேன்.

'சமூகமயமாதல் என்றால் என்ன' என்று கேட்டால் இருபத்திரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். அதில் நெறி என்று ஒரு சொல் வருகிறதே, நெறி என்றால் என்ன என்று கேட்டேன். முதல் பெஞ்ச் பையன், "அதெல்லாம் கேட்க மாட்டாங்க சார்" என்றான். விடவில்லை. இந்த வகுப்பில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று சொல்லுங்கள் என்றேன். உடனே ஒரு குரல்: "சார் கேள்வி கேட்டா குனிஞ்சு பேனா தேடணும் சார்."

வகுப்பே சிரித்தது. சொன்னவள் ரேடியோ. உங்களுக்குத் தெரிந்திருக்கும், மூன்றாவது பெஞ்ச், அணைக்கப் பொத்தான் கிடையாது. பதில் சரியான பதில்தான், அதுதான் எரிச்சல். அவள் ஒன்று சொல்லி வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அடுத்த பாடம் 'குழுவும் அடையாளமும்'. இதை எப்படி நடத்துவது? எனக்குத் தத்துவம் வேண்டாம். செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுங்கள், செய்கிறேன்.

வேலையைத் தலையில் கட்டிக்கொண்டவன்

•

ஜூலை 7
பாடநூல் குழு விடுதி

அன்பு மச்சான்,

உன் கடிதத்தில் மரியாதை ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. பரவாயில்லை, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவனுக்கு இது பழகியதுதான்.

இங்கே குளிர்சாதனம் என்று நீ நினைப்பது ஒரு காற்றாடி. அதுவும் கூட்டத் தலைவர் பக்கம் மட்டும் திரும்பும். ஆனால் வேலை நன்றாகப் போகிறது. 'குழுவும் அடையாளமும்' பாடத்தை எழுதும் பொறுப்பு யாரிடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறாய்? அடுத்த ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் என் எழுத்தைத்தான் படிக்கப் போகிறார்கள்.

என் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்காவது செயல்பாட்டைப் பார். நட்பு வரைபடம். உனக்கென்றே செய்தது போல இருக்கும். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று விரும்புகிறாய், மூன்று பேரை எழுது என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு வட்டம். எழுதியவரிடமிருந்து எழுதப்பட்டவருக்கு ஓர் அம்பு. வரைந்து முடித்ததும் வகுப்பில் எத்தனை குழுக்கள், யார் யாரை இணைக்கிறார்கள், எல்லாம் கண்முன் வந்துவிடும். குழு என்பதை நீ விளக்கவே வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

செய்துவிட்டு எனக்கு விரிவாக எழுது. பாடத்தில் சேர்க்க ஓர் உண்மையான வகுப்பறை அனுபவம் தேவைப்படுகிறது. கூட்டம் பதினாறாம் தேதி.

ரேடியோவை ஒன்றும் சொல்லிவிடாதே. போன வருஷம் பத்தாம் வகுப்பில் என் பாடத்துக்கு உயிர் கொடுத்ததே அந்தப் பெண்தான்.

என் பழுப்பு நிறப் போர்வையை அனுப்பச் சொல்லி அக்காவிடம் சொல்.

அன்புடன், காற்று வராத நாற்காலியிலிருந்து
மாமா

•

ஜூலை 14
ஆய்வகம்

மாமா,

போர்வை அனுப்பியாயிற்று. செயல்பாடும் முடிந்தது.

முதல் தடவையாக உங்கள் பாடத்தில் எனக்குப் பிடித்த ஒன்று. இருபத்திரண்டு சீட்டுகளையும் வாங்கிக் கையால் வரைந்து பார்த்தேன், சிலந்தி வலை மாதிரி ஆனது. அதனால் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒருவருக்கு எவ்வளவு அம்பு வருகிறதோ வட்டம் அவ்வளவு பெரிதாகும். அதிகம் பேர் தேர்ந்தெடுத்தவர்கள் நடுவில். அம்பே வராத வட்டத்தை நிரல் தானாக ஓரத்துக்குத் தள்ளிவிடும், அப்போதுதான் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. நான்கு குழுக்கள் தெளிவாக வந்தன, நான்கு நிறம் கொடுத்தேன்.

'வரைபடத்தை அனைவரும் காணுமாறு வகுப்பறையில் காட்சிப்படுத்துக' என்று உங்கள் வரைவில் கடைசி வரி. சாதாரணத் தாளில் பின்பெஞ்சுக்குத் தெரியாது. பேனர் கடையில் கொடுத்து ஆறடிக்கு அச்சடித்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன.

விளைவைச் சொல்கிறேன். முழுப் பாடவேளையும் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நீங்கள் சொன்னது சரி. வகுப்பில் ஒரே ஒருவருக்குத்தான் அம்பு வரவில்லை. யார் என்று நினைக்கிறீர்கள், ரேடியோ. நானே எதிர்பார்க்கவில்லை. அவள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. உங்கள் செயல்பாடு வேலை செய்கிறது.

வீட்டில் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு நாளைக்கு எப்படிடா ஸ்கூலுக்கு வருவா?" என்றாள். பஸ்ஸில்தான் என்றேன். எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சோகம் வேண்டும்.

மீட்டர்களுக்கு நடுவிலிருந்து
நான்

•

ஜூலை 17
விடுதி

மச்சான்,

பிரமாதம். உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். தலைவர் இரண்டு முறை தலையசைத்தார். அந்தத் தலை எளிதில் அசையாது, பத்து வருஷமாக அவரோடு வேலை செய்தவர்களே சொல்கிறார்கள். பேனரைப் புகைப்படம் எடுத்து அனுப்பு. மாணவர் பெயர்களை மறைத்துவிட்டுப் பாடத்தில் சேர்க்கலாம்.

ஒரு சந்தேகம். ரேடியோவுக்குப் பூஜ்யம் எப்படி வரும்? அந்தப் பெண்ணைச் சுற்றித்தானே வகுப்பே சிரித்துக்கொண்டிருக்கும். உன் நிரலில் ஏதோ பிழை இருக்க வேண்டும், பார். பிழை இல்லையென்றாலும் கவலைப்படாதே. இப்படி அம்பு வராதவர்களுக்குத் 'தனியர்' என்று எங்கள் துறையில் பெயர். பாடத்தில் அதற்கு ஒரு பெட்டிச் செய்தியே வைத்திருக்கிறேன். அவளைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல், போதும்.

அக்காவின் குணம் உனக்குத் தெரியாதா. சமாதானம் ஆகிவிடுவாள்.

மாமா

•

ஜூலை 25
ஆய்வகம்

மாமா,

புகைப்படம் அனுப்ப மாட்டேன். பேனரைக் கழற்றிவிட்டேன்.

நிரலில் பிழை இல்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். ரேடியோ பதினைந்தாம் தேதியிலிருந்து வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வகுப்பு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. முரட்டுத்தனமாக இல்லை, அழகாக நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டால் எழுந்து நின்று, "தெரியாது சார்" என்று சொல்லி உட்காருகிறார்கள். இருபத்தொரு பேரும் அப்படியே. நான்கு நிறத்தில் இருந்தவர்கள் ஒரே குழு ஆகிவிட்டார்கள். குழுவுக்கு வெளியே இருக்கிற ஒரே ஆள் நான். உங்கள் பெட்டிச் செய்தியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் முதல் பெஞ்ச் பையனை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். ஏன்டா, எப்போதும் அவளோடுதானே சிரித்துக்கொண்டிருப்பாய், ஒரு இடம்கூடவா கொடுக்கத் தோன்றவில்லை என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு பேர்தானே சார் கேட்டீங்க. நாலு கேட்டிருந்தா அவளைத்தான் எழுதியிருப்பேன்" என்றான். இன்னொருத்தியைக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். ஒவ்வொருவராகக் கேட்டேன். மாமா, பாதி வகுப்புக்கு அவள் நாலாவது ஆள். எல்லோருக்கும் பிடிக்கும், யாருக்கும் முதல் மூன்றில் இல்லை. நீங்கள் மூன்று கேட்டீர்கள், நான் அந்த மூன்றை ஆறடிக்கு அடித்து மாட்டினேன். ஊர் வெயிலைக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரால் அளந்த மாதிரி. கருவியே தப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று, அதுவும் கருவி படித்தவனுக்கு.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, சொன்னால் வந்துவிடுவாள் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு முன்பக்கமே ஜெராக்ஸ் கடை. அவள் அப்பா பைண்டிங் செய்துகொண்டிருந்தார், இவள் இயந்திரத்தில் தாள் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மூன்று, நான்கு, அளவீட்டுப் பிழை, ஒரு தாளில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் நான் நாலாவதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். அதனாலதானே பேசிக்கிட்டே இருந்தேன்" என்றாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சா பரவாயில்ல. இப்ப அவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் ஜோக் சொன்னா, பாவம்னு சிரிப்பாங்க."

ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்கு முன்னும் பின்னும் நகல் எடுத்துக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு அந்தப் பாடத்துல ஏதாவது போட்டிருக்கா சார்?" என்றாள்.

உங்கள் வரைவை மறுபடி புரட்டினேன். போடவில்லை. அடுத்தது ஐந்தாவது செயல்பாடு. குடும்பப் புகைப்படம் ஒட்டுவது.

ஒரே கேள்வி கேட்கிறேன். இந்த நட்பு வரைபடத்தை நீங்கள் ஒரு தடவையாவது வகுப்பில் செய்து பார்த்திருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

நான்

•

ஜூலை 29
விடுதி

மச்சான்,

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல இது என்ன நீதிமன்றமா?

இப்படியான செயல்பாடுகள் உலகம் முழுக்க நடக்கின்றன. வழிமுறையைக் கொடுப்பவன் எல்லா முட்டாள்தனத்தையும் முன்கூட்டியே யோசித்து எழுத முடியாது. காட்சிப்படுத்துக என்றால் பெயரோடு ஆறடி பேனர் அடி என்று அர்த்தமா? எதிரில் உட்கார்ந்திருப்பது குழாய் இல்லை, பதினாறு வயதுப் பெண் என்பது உனக்குத் தெரிய வேண்டாமா? உன்னை நம்பி வகுப்பை விட்டுவந்தேன். வந்து பார்த்தால் வகுப்பு இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனாலும் நாலாவது ஆள் என்று நீ சொன்னது நல்ல கவனிப்பு. ஒத்துக்கொள்கிறேன். அதனால் 'மூன்று பேரை எழுதுக' என்பதை 'நான்கு பேரை எழுதுக' என்று திருத்திவிட்டேன். நீ கேட்டாய் என்பதற்காக இதைச் செய்தேன், புரிந்துகொள். பக்கங்கள் அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. வகுப்பு முழுவதும் சேர்ந்து உன்னை ஒதுக்கிய விதம், குழு ஒற்றுமைக்கு அருமையான எடுத்துக்காட்டு. கொஞ்சம் விரிவாக எழுதி அனுப்பினால் பாடத்தின் இறுதியில் சேர்க்கலாம். உனக்கு நன்றியும் அச்சிடச் சொல்கிறேன்.

மாமா

•

ஆகஸ்ட் 2
ஆய்வகம்

மாமா,

நான்கு என்று மாற்றினால் ஐந்தாவதாக ஒருத்தி இருப்பாள். ஐந்து என்று மாற்றினால் ஆறாவதாக ஒருவன். இது கணக்கு, இதற்குச் சமூகவியல் படிக்க வேண்டாம். நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் என்று எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு உங்களை அடிக்கலாம் போல இருந்தது, ஏனென்றால் அது உண்மை. நான் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் வால்வைத் திற என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள். நான் ஒருவன் ஒரு வகுப்பில் செய்தது இது. அச்சாகிவிட்டால் அடுத்த வருஷம் எல்லாப் பள்ளியிலும் ஒருவன் எழுந்து நின்று செய்வான். எல்லா வகுப்பிலும் ஓரத்தில் ஒரு வட்டம் இருக்கும்.

இதற்கு நடுவில் நடந்ததைக் கேளுங்கள். மறுபடி கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சரியாக வராது, கேட்டதும் அவள் அப்பாவே, "பரவாயில்ல விடுங்க சார்" என்று தண்ணீர் கொடுத்தார். ரேடியோ மட்டும், "ஒரு கண்டிஷன் சார்" என்றாள்.

"டீச்சர்ஸ் ரூம்ல இதே மாதிரி சீட்டுக் கொடுத்து, இதே மாதிரி பேனர் போட்டு மாட்டுங்க. மாட்டினா நான் திங்கட்கிழமை வரேன்."

நான் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். கணக்கு சார் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் யார் பக்கத்துல உட்காரணும்னு நினைக்கிறேன்னு ஊருக்குச் சொல்லணுமா?" என்றார். ஆங்கில டீச்சர், "எங்களுக்கு வேற வேலை இல்லையா, நாங்க என்ன பிள்ளைங்களா?" என்றார். வணிகவியல் சார் சீட்டை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். ஓட்டப் பயிற்சி கொடுக்கும் சார் மட்டும் பேனாவை எடுத்தார், எல்லோரும் அவரைப் பார்த்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஹெச்.எம். கூப்பிட்டார். அறையின் அமைதியைக் குலைத்ததற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். வகுப்பில் பேனர் மாட்டியபோது அவர் வந்து பார்த்து, "ரொம்பப் புதுமையா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

நடந்ததை அப்படியே ரேடியோவிடம் சொன்னேன். யாரும் எழுதித் தரவில்லை, மாட்ட முடியவில்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. "அவங்களால மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது இல்ல சார்?" என்றாள். அவ்வளவுதான். திரும்பி இயந்திரத்தில் தாள் அடுக்கப் போய்விட்டாள்.

நேற்று அவள் அப்பா பள்ளிக்கு வந்து, அவளை வணிகவியல் பிரிவுக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்காவும் அதையேதான் கேட்கிறாள். அவளிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. நானாகக் காட்ட மாட்டேன்.

நான்

•

ஆகஸ்ட் 6
விடுதி

இல்லை.

செய்து பார்த்ததில்லை. ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த கைத்தாளில் இருந்தது. படித்ததும் பிடித்துப்போனது. வகுப்பில் செய்ய நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், அதுவும் பொய். போன வருஷம் செய்யலாம் என்று ஒரு நாள் சீட்டுகளை வெட்டி வைத்தேன். வகுப்புக்குள் போனதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, பையிலேயே வைத்துவிட்டேன். ஏன் தோன்றியது என்று யோசிக்கவில்லை. எழுதும்போது அது நினைவுக்கும் வரவில்லை. என் வகுப்புக்கு வேண்டாம் என்று நினைத்ததை ஊருக்கெல்லாம் எழுதினேன்.

நேற்றுக் கூட்டத்தில் அந்தச் செயல்பாட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். தலைவர் காரணம் கேட்டார். சொன்னேன். "நீங்களே ஒரு தடவைகூடச் செய்து பார்க்காததையா இவ்வளவு நாள் எங்களுக்கு வாசித்துக் காட்டினீர்கள்?" என்றார். பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பாடத்தையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இனி நான் இங்கே தேவையில்லையாம். நாகரிகமாகத்தான் சொன்னார்கள், விடுதி அறையை மட்டும் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

உனக்குத் திருப்திதானே? நீ நினைத்தது நடந்துவிட்டது. என் பெயர் அந்தப் புத்தகத்தில் வராது. இதை எழுதும்போதும் உன் மேல் கோபம்தான் வருகிறது, நியாயமில்லை என்று தெரிந்தும்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறேன். முதல் பாடவேளையிலேயே ரேடியோவிடம் நான் பேசுகிறேன். என் வார்த்தையை அந்தப் பெண் கேட்கும். மாற்றலை நிறுத்திவைக்கச் சொல்லி ஹெச்.எம்.மிடம் சொல்.

மாமா

•

ஆகஸ்ட் 8
ஆய்வகம்

மாமா,

திருப்தி இல்லை. பக்கத்தை எடுத்ததற்கு நன்றி. இந்த வார்த்தையை நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், அதனால் கவனித்துப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததுமே ஹெச்.எம்.மிடம் ஓடினேன். மாற்றல் நாலாம் தேதியே முடிந்துவிட்டது. ரேடியோ வணிகவியல் வகுப்பில் உட்கார்ந்தாயிற்று. நீங்கள் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'என் வார்த்தையைக் கேட்கும்' என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். அந்த நம்பிக்கையோடுதான் நான் மூன்று தடவை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

உங்கள் வகுப்பு அப்படியே இருக்கிறது, ஒருத்தி குறைவு. இப்போது நான் கேட்டால் பதில் சொல்கிறார்கள், மரியாதைக்கு. மூன்றாவது பெஞ்சில் அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்காரச் சொல்லிப் பார்த்தேன். எங்களுக்குள் ஒரு விதி இருக்கிறது என்பது போலப் பார்த்தார்கள். விட்டுவிட்டேன்.

அக்கா உங்களுக்காக அறையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். போனில் பேசலாமா என்று கேட்டேன். நேரில் வந்த பிறகு இருவரும் வெளியே எங்காவது போய்ச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் வேண்டாம் என்றாள்.

இன்று மதியம் வராந்தாவில் வணிகவியல் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். தோளில் கை போட்டு, மிகுந்த சந்தோஷத்தோடு, "என்ன தம்பி, இவ்வளவு நல்ல பொண்ணை எங்ககிட்ட தூக்கிக் கொடுத்துட்டீங்க? வந்ததுல இருந்து பார்க்கறேன். ஓரமா உட்கார்ந்தா எழுந்திரிக்கிற வரைக்கும் வாயே திறக்கறதில்ல. என்ன ஒரு அடக்கம்" என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார், மாமா.